எந்த மட்டம்? அணுக்கரு மாற்றியங்களைச் சுட்டும் முறைகளும் தமிழாக்கச் சிக்கலும்

அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர்க்குத் தொல்லை தருவன அருஞ்சொற்களே என்பது பொதுவான எண்ணம். உண்மை இதற்கு மாறானது. அருஞ்சொல்லைக் கண்டவுடன் மொழிபெயர்ப்பாளர் விழிப்படைகிறார். கலைச்சொல் அகராதியைப் புரட்டுகிறார். துறை வல்லுநரை வினவுகிறார். 'லெவல்' போன்ற அன்றாடச் சொல் எதிர்ப்படும்போது இவ்விழிப்பு தோன்றுவதில்லை. 'நிலை' என்றோ 'மட்டம்' என்றோ எழுதிவிட்டு அடுத்த தொடருக்குச் சென்றுவிடுகிறார். அச்சொல் ஒரே கையேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் ஆளப்பட்டிருப்பின் பிழை அங்கேதான் நேர்கிறது. துகள்களின் போக்கைக் கணிப்பொறியில் உருவகப்படுத்தும் மென்பொருள்கள் அணுக்கரு மாற்றியங்களை இனங்காணும் முறை இதற்குத் தெளிவான சான்றாகும். இக்கட்டுரை அம்முறையை மொழியியல் நோக்கில் விளக்கி, தமிழாக்கத்தில் எவற்றைப் பிரித்துக் காட்டவேண்டும் என்பதை ஆராய்கிறது. (இங்கு 'உருவகம்' என்பது அணியிலக்கணத்தார் கூறும் உருவகம் அன்று, மெய்ந்நிகழ்வுக்கு நிகரான ஒன்றைக் கணக்கீட்டால் படைத்துக் காட்டுதல் எனக் கொள்க. இச்சொல்லாட்சி நிலைபெற்றுவிட்டதால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது.)

ஒரு பொருள், மூன்று விடைகள்

எலும்பு, இதயம், தைராய்டு முதலிய உறுப்புகளைப் படமெடுக்க மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் கதிரியக்கப் பொருள் டெக்னீசியம்-99எம் ஆகும். 66 மணி அரைவாழ்வுடைய மாலிப்டினம்-99 சிதைந்து இப்பொருளைத் தருகிறது. மாலிப்டினம் வைக்கப்பட்ட கலத்திலிருந்து டெக்னீசியத்தை அவ்வப்போது பிரித்தெடுப்பதை அத்துறையினர் பேச்சு வழக்கில் 'பால் கறத்தல்' என்றே சொல்கின்றனர். கலம் 'பசு' எனப்படுகிறது. கறக்கப்பட்ட பொருளின் அரைவாழ்வு சற்றேறக்குறைய 6 மணி. அதே அணுக்கரு தன் தரைநிலையை அடைந்தபின், அதாவது வெறும் டெக்னீசியம்-99 ஆனபின், அதன் அரைவாழ்வு 2 இலட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள். இரண்டிலும் புரோட்டான்கள் 43, நியூட்ரான்கள் 56. வேறுபாடு ஆற்றலிலும் உள்ளமைப்பிலும் மட்டுமே உள்ளது.

இவ்வணுக்கருவின் ஆற்றல் அமைப்பைக் கீழிருந்து மேலாகக் கண்டால் முதலில் தரைநிலை. அதற்கு மேல் 140.511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.) உயரத்தில் ஒரு மட்டம், அதன் அரைவாழ்வு 0.19 நானோநொடி. அதற்கும் மேல், மிக நெருக்கமாக, 142.683 கி.எ.வோ. உயரத்தில் மற்றொரு மட்டம். ஆறு மணிநேரம் நீடிப்பது இம்மூன்றாவது இடத்தில் உள்ளதே. இது பெரும்பாலும் நேராகத் தரைநிலைக்கு இறங்குவதில்லை. ஏறத்தாழ 2.17 கி.எ.வோ. அளவு இறங்கி 140.511 மட்டத்தை அடைந்து, அங்கிருந்து ஒரு காமாக்கதிரை வெளியிட்டுத் தரைநிலையை எய்துகிறது. மருத்துவமனைக் கருவி பிடிப்பது அந்த 140.5 கி.எ.வோ. காமாக்கதிரை.

'டெக்னீசியம்-99எம் எந்த லெவலில் உள்ளது?' என்று ஒருவர் வினவினால் மூன்று விடைகள் கூறலாம். ஆற்றலால் கூறினால் 142.683. மட்டங்களை அடுக்கி எண்ணினால் இரண்டாவது கிளர்வு மட்டம். நீண்டநேரம் நிற்கும் மட்டங்களை மட்டும் எண்ணினால் முதலாவது. மூன்றும் மெய்யே. பிரேகே 1892-இல் காட்டிய வேறுபாட்டை இங்கு நினைவுகூரலாம்: விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் சுட்டும் கோள் ஒன்றே, சுட்டும் வழி வேறு. ஆயினும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. விடிவெள்ளி என்பதற்குப் பதிலாக அந்திவெள்ளி என்றால் கேட்போர் திருத்திக் கொள்வர். '1' என்று எழுதவேண்டிய இடத்தில் '2' என்று எழுதினால் மென்பொருள் திருத்திக் கொள்ளாது. வேறொரு நிலையை எடுத்துக்கொள்ளும், அல்லது அப்படியொன்று இல்லை என்று நின்றுவிடும். நின்றுவிடுவதே மேல்.

பிழை எவ்வளவு நுட்பமாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதே டெக்னீசியமே எடுத்துக்காட்டு. மருத்துவ இயற்பியலில் பழகியவர் நாவில் நிற்பது 140 என்னும் எண். கருவியின் அளவுச் சாளரம் அதற்கே ஒழுங்கு செய்யப்படுகிறது. அப்பழக்கத்தால் கிளர்வு ஆற்றலாக 140.511-ஐக் கொடுத்துவிட்டால் சுட்டப்படுவது 0.19 நானோநொடியில் மறையும் கீழ்மட்டமே. அதிலிருந்தும் அதே 140.5 காமாக்கதிர்தான் வெளிப்படும். நிறமாலையை மட்டும் நோக்குபவர்க்கு எல்லாம் சரியாகவே தோன்றும். ஆறு மணிநேரம் என்னும் கால அளவு மட்டும் கணக்கிலிருந்து சொல்லாமல் நீங்கியிருக்கும். நோயாளியின் உடலில் மருந்து எவ்வளவு நேரம் கதிர்வீசும், எவ்வுறுப்பு எவ்வளவு கதிரேற்கும் என்பன அக்கால அளவைச் சார்ந்தவை.

சொல் வந்த வழி

'ஐசோமர்' என்ற சொல்லை வேதியியலில் 1830-இல் அறிமுகப்படுத்தியவர் பெர்சிலியசு. சமம் எனப் பொருள்படும் கிரேக்க அடையும், பகுதி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரும் இணைந்த தொகை அது. ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அமைப்பு வேறு, பண்பு வேறு. இக்கருத்து அணுக்கருவுக்கும் பொருந்தக்கூடும் என்று சாடி 1917-இல் கருதினார். 1921-இல் ஆட்டோ ஹான் முதற் சான்றைக் கண்டார். வைட்சாக்கர் 1936-இல் அதற்கு விளக்கம் தந்தார்: இரு நிலைகளின் சுழற்சி பெரிதும் வேறுபடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் தடைப்படுகிறது, எனவே மேல்நிலை நெடுநேரம் நிற்கிறது.

ஹான் கண்ட சான்றின் பெயர் வரலாறு மொழியியலார் கருத்துக்குரியது. 1913-இல் ஃபயான்சும் கோரிங்கும் 91-ஆம் தனிமத்தை முதன்முதலாகக் கண்டபோது அவர்கள் பெற்ற அணுக்கரு ஒரு நிமிடத்திற்குச் சற்று மிகுதியான அரைவாழ்வே உடையது. ஆகவே குறுமை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு 'பிரீவியம்' என்று பெயரிட்டனர். அதன்பின் இதே தனிமத்தின் நெடுவாழ்வுடைய ஓரிடத்தான் கிடைத்தது. 'குறுகியது' என்னும் பெயர் தனிமத்துக்குப் பொருந்தாமற் போக, அதனிடத்தைப் புரோட்டாக்டினியம் பெற்றது. ஹான் 1921-இல் கண்டது, பிரீவியத்துக்குரிய அதே எண்களை, அதாவது 91 புரோட்டானையும் 234 நிறையெண்ணையும், உடைய மற்றொரு நிலையை; அதன் அரைவாழ்வு 6.7 மணி. ஆக, முதன்முதலில் காணப்பட்ட மாற்றியம் வாழ்நாளின் அளவையே பெயராகப் பெற்றிருந்தது; அப்பெயர் தனிமத்துக்கென்று கொள்ளப்பட்டதால் நிலைக்கவில்லை. ஒரு நிலைக்குரிய பண்பை இனம் முழுமைக்கும் பெயராக்கியதன் விளைவு இது.

தமிழில் வேதியியல் 'ஐசோமர்' தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மாற்றியம்' எனவும், இலங்கைப் பாடநூல்களில் 'சமபகுதியம்' எனவும் வழங்குகிறது. பின்னது கிரேக்கத் தொகையின் நேர்பெயர்ப்பு, ஒற்றுமையை முன்னிறுத்துகிறது. முன்னது வேற்றுமையை முன்னிறுத்துகிறது. அணுக்கருவைப் பொறுத்தவரை 'சமபகுதியம்' சொற்பொருளால் துல்லியமானதே. ஆனால் மாற்றியத்தின் இயல்பு வேறொரு நிலையாக மாறக் காத்திருத்தல் ஆதலின் 'மாற்றியம்' கூடுதலாக ஒரு குறிப்பையும் தருகிறது. இருவழக்கும் நிலைத்திருக்க, மூன்றாவது ஒன்றைப் புனைய வேண்டிய தேவை இல்லை. ஓரிடத்தான் என்பதில் உள்ள '-ஆன்' ஈறு உயர்திணை ஆண்பாலை நினைவூட்டுவதாகச் சிலர் குறைகூறுவது உண்டு. வழக்கு அக்குறையைப் பொருட்படுத்தவில்லை.

எவ்வளவு நேரம் நின்றால் மாற்றியம்?

'எம்' என்னும் எழுத்து சிற்றுறுதி நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. கிளர்வு மட்டங்கள் அனைத்தும் சிறிது நேரமேனும் நிற்பனவே. பெரும்பாலானவை நொடியின் மிகச் சிறு கூறே நிற்கும். எவ்வளவு நேரத்திற்கு மேல் நின்றால் அதற்குத் தனிப்பெயர் தருவது? இதற்கு இயற்கை வகுத்த எல்லை இல்லை. அணுக்கருப் பண்புகளைத் தொகுக்கும் நூபேஸ் என்னும் அட்டவணை 100 நானோநொடி என்று வரையறுத்துக்கொண்டது. மென்பொருள்கள் தமக்கென ஓர் எல்லையை வைத்துள்ளன; பயனர் அதனை மாற்றவும் இயலும். மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையே கோடு கிழிப்பதைப் போன்றதே இது. தொடர்ச்சியான ஒன்றின்மீது வசதி கருதி இடப்படும் வெட்டு. வெட்டு எங்கே என்பதைக் கூறாமல் 'முதல் மாற்றியம்', 'இரண்டாம் மாற்றியம்' என எண்ணுவதில் பொருளில்லை. டெக்னீசியத்தில் எல்லையை 0.19 நானோநொடிக்குக் கீழே தாழ்த்திவிட்டு எண்ணினால் 140.511 மட்டமும் உள்ளே வந்துவிடும்; மருத்துவமனைக்குரியது இரண்டாமிடத்துக்குத் தள்ளப்படும். வரிசையெண் என்பது பொருளின் பண்பு அன்று. எண்ணப்படும் கூட்டத்தின் பண்பு.

'சிற்றுறுதி' என்ற சொல்லே தலைகீழாகும் இடமும் உண்டு. டாண்டலம்-180-இன் தரைநிலை ஏறத்தாழ 8 மணிநேர அரைவாழ்வு உடையது. அதற்கு மேல் சுமார் 77 கி.எ.வோ. உயரத்தில் உள்ள மாற்றியமோ சிதைந்து இதுவரை எவரும் கண்டதில்லை. அதன் அரைவாழ்வு 10-இன் 16-ஆம் படி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இயற்கையில் கிடைக்கும் டாண்டலத்தில் 0.012 விழுக்காடாக உள்ளது இம்மாற்றியமே. இங்கு 'சிற்றுறுதி' எனப்படுவது பேருறுதி உடையது. தரைநிலை எனப்படுவது அரைநாள் கூட நில்லாதது. எனவே 'எம்' என்பதற்குச் சொற்பொருள் காண முயலாமல் அதனை ஓர் அடையாளக் குறியாக மட்டும் கொள்ளுதல் நன்று. ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றியங்கள் உள்ளவிடத்து ஆற்றல் ஏறுவரிசையில் எம்1, எம்2 என எண்ணிடுவர். ஆஃபினியம்-178-இல் எம்1 நான்கு நொடி நிற்பது. எம்2 முப்பத்தோர் ஆண்டு நிற்பது. வாழ்நாளைக் கொண்டு தகுதி வழங்கி, ஆற்றலைக் கொண்டு வரிசையிடுகிறார்கள் என்பது இதனால் விளங்கும். இரு அளவுகோல்கள் ஒரு பெயருக்குள் புகுந்துள்ளன.

எண்ணே பெயரானால்

செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு பன்னாட்டு அறிஞர் குழு உருவாக்கிய ஜியாண்ட்4 என்னும் மென்பொருளின் முதற் பதிப்பு 1998 டிசம்பரில் வெளிவந்தது. உயர் ஆற்றல் இயற்பியல், விண்வெளி ஆய்வு, மருத்துவக் கதிரியல் ஆகியவற்றில் இது பரவலாக ஆளப்படுகிறது. இதில் ஒரு கிளர்வுற்ற அணுக்கருவை இரு வழிகளில் அழைக்கலாம். புரோட்டான் எண், நிறையெண், மின்னேற்றம் ஆகியவற்றோடு கிளர்வு ஆற்றலைக் கொடுப்பது ஒரு வழி. ஆற்றலுக்குப் பதிலாக ஒரு முழு எண்ணைக் கொடுப்பது மற்றொரு வழி. அம்முழு எண்ணின் பெயர்தான் 'லெவல்'. இது மட்டங்களை அடுக்கி எண்ணிய வரிசையெண் அன்று. மென்பொருளின் மாற்றிய அட்டவணையில் அந்நிலை பெறும் எண். 0 தரைநிலை; 1 முதல் 8 வரை மாற்றியங்கள்; 9 என்பது அவ்வரிசையில் இடம்பெறாத எந்தக் கிளர்வு நிலைக்கும் உரிய எச்ச எண். 9 என்று கண்டால் 'ஒன்பதாவது' எனப் படிப்பது தவறு. 'ஏனையது' என்பதே அதன் பொருள்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இரண்டாகப் பகுத்தமை இவ்விடத்து ஒளி தருகிறது. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. வினை பொருளைக் காட்டிவிடுகிறது. 'மா வீழ்ந்தது' என்றால் காட்டாது. அத்தகைய இடத்தில் சொல்லுவோன் தான் கருதியதை வெளிப்பட உரைக்க வேண்டும் என்பது இலக்கணத்தின் எதிர்பார்ப்பு. மென்பொருள் கட்டளையில் வினையே இல்லை. 'லெவல் 1' என்பது நிரந்தரமாக 'மா வீழ்ந்தது' நிலையில் உள்ள தொடர். சூழல் உதவும் என்று நம்பி மொழிபெயர்ப்பாளர் பொதுச்சொல்லால் பெயர்த்தால் அந்தச் சூழலைப் படிப்பவர்க்கு எங்கிருந்து தருவது?

ஆற்றலால் அழைப்பது மயக்கமற்றதாகத் தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. மென்பொருள் நிலையின் பெயரை எண்ணைக் கொண்டே ஆக்குகிறது: 'டிசி99[142.683]' என்பது போல. முந்தைய பதிப்புகள் ஆற்றலை ஒரு தசம இடத்தோடு எழுதின. பின்னர் வந்தவை மூன்று தசம இடங்களோடு எழுதுகின்றன. நெப்டியூனியம்-237-இன் ஒரு மட்டம் முன்பு [59.5] என்றும் பின்பு [59.541] என்றும் அச்சாகிறது. பொருள் மாறவில்லை, எழுத்துக்கூட்டல் மாறிவிட்டது. பழைய பெயரைத் தேடும் நிரல் புதிய வெளியீட்டில் எதையும் காணாது. கொடுக்கும் எண் அட்டவணை எண்ணோடு எவ்வளவு ஒத்திருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் ஏற்பு வரம்பு உண்டு. இயல்பு அமைப்பில் அது 1 எலக்ட்ரான் வோல்ட். 142.7 என்று முழுமையாக்கி எழுதுபவர் 17 எலக்ட்ரான் வோல்ட் விலகிவிடுகிறார். மனிதர்க்கு நெருக்கம், கணிப்பொறிக்குத் தொலைவு.

அளவை துல்லியமாகும்தோறும் பெயரும் நகரும் என்பது இதன் அடுத்த விளைவு. தோரியம்-229-இன் மாற்றியம் அறியப்பட்டவற்றுள் மிகக் குறைந்த ஆற்றலுடையது. இங்குக் கிலோ இல்லை, வெறும் எலக்ட்ரான் வோல்ட். 1994-இல் அதன் ஆற்றல் 3.5 எனக் கணிக்கப்பட்டது. 2007-இல் 7.6 ஆயிற்று. 2024-இல் சீரொளியால் நேரடியாகக் கிளர்வூட்டி 8.36 என உறுதி செய்தனர். முப்பது ஆண்டுகளில் மேற்கூறிய ஏற்பு வரம்பைப்போல் நாலரை மடங்குக்கு மேல் எண் நகர்ந்துள்ளது. இதற்கு 'எம்' என்னும் குறி வழங்கியவர்கள் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. எண்ணால் பெயரிட்டிருந்தால் அதே பொருளுக்கு மூன்று பெயர்கள். கிரிப்கி தனிப்பெயருக்கும் வருணனைக்கும் இடையே கண்ட வேறுபாடு இங்கு ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வந்துவிடுகிறது: 'எம்' என்பது பெயர்போல் நடந்துகொள்கிறது, எண் வருணனைபோல் நடந்துகொள்கிறது. தோரியத்தில் வாழ்நாளும் சூழலைப் பொறுத்து மாறும். மின்னேற்றமற்ற அணுவில் அதன் அரைவாழ்வு சுமார் 7 மைக்ரோநொடி என 2017-இல் அளந்தனர். படிகத்துக்குள் வைக்கப்பட்டபோது சராசரி ஆயுள் பத்து நிமிட அளவினதாக உள்ளது. 'எவ்வளவு நேரம் நின்றால்' என்ற வினாவுக்கு 'எங்கே நின்றால்' என்ற வினாவும் துணையாகச் சேர்கிறது.

இவை எல்லாவற்றிலும் மொழியியலார்க்குச் சுவையானது 'எக்ஸ்' என்னும் குறி. சில அணுக்கருக்களில் மேல்மட்டங்களுக்கு இடையிலான இடைவெளிகள் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கும். அத்தொகுதி முழுவதும் தரைநிலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது அறியப்பட்டிராது. அப்போது ஆற்றலோடு ஓர் எழுத்தைக் கூட்டுவர். மேலே கண்ட பிரீவியம், அதாவது புரோட்டாக்டினியம்-234எம், அணுக்கருத் தரவுத் தொகுப்பில் 73.92+எக்ஸ் என்றே குறிக்கப்பட்டுள்ளது. முதன்முதலில் அறியப்பட்ட மாற்றியத்தின் உயரம், ஒரு நூற்றாண்டு கழிந்தும், ஓர் எழுத்தின் துணையோடுதான் எழுதப்படுகிறது. (பழைய வேதியியல் வழக்கில் இதே பொருளுக்கு 'யுரேனியம் எக்ஸ்2' என்ற பெயரும் உண்டு, அந்த எக்ஸ் வேறு.)

கல்வெட்டியல் அறிந்தோர்க்கு இது புதிதன்று. சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் இயற்பெயர் இன்றிக் 'கோப்பரகேசரி' என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மாறி மாறி மன்னர் பலர்க்கும் வழங்கியவை. ஒரே பரகேசரியின் ஐந்தாம் ஆண்டுக் கல்வெட்டுக்கும் பன்னிரண்டாம் ஆண்டுக் கல்வெட்டுக்கும் ஏழாண்டு இடைவெளி என்பது உறுதி. அவன் எந்தப் பரகேசரி, எப்போது முடிசூடினான் என்பது தெரியாதவரை இரண்டும் காலத்தில் மிதக்கும். எக்ஸ் என்பது அந்த முடிசூட்டு ஆண்டு. ஒரே அணுக்கருவில் தம்முள் தொடர்பறியாத இரு தொகுதிகள் இருந்தால் இரண்டாவதற்கு 'ஒய்' என்பர், வேறு பரகேசரி. தொகுதியின் கீழ்மட்டம் 0+எக்ஸ் என்று எழுதப்படும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பெயர்த்தால் அது 0, அதாவது தரைநிலை, ஆகிவிடும். ஜியாண்ட்4 ஆற்றலோடு இவ்வெழுத்தையும் தனி உள்ளீடாகக் கேட்பதும், பெயரில் எண்ணை அடுத்து அதனைப் பொறிப்பதும் இம்மயக்கத்தைத் தவிர்க்கவே.

குறியீட்டின் உருபனியல்

துகள் தரவுக் குழுவின் எண்முறையில் ஒவ்வோர் அணுக்கருவுக்கும் பத்து இலக்க எண் உண்டு. டெக்னீசியம்-99எம்-க்கு உரியது 1000430991. இதனைப் பகுத்தால் 10 என்பது அணுக்கரு என்னும் இனத்தைக் காட்டும் முன்னொட்டு, அடுத்த 0 விந்தைக் குவார்க்குகளின் எண்ணிக்கைக்கு உரிய இடம், 043 புரோட்டான், 099 நிறையெண், இறுதி 1 மாற்றிய எண். தரைநிலைக்கு இறுதியில் 0. 'டெக்னீசியம்-99' என்ற பெயரில் தரைநிலைக்கு உருபில்லை. அது பூச்சிய உருபு. எண்முறையில் அதே பூச்சியம் எழுத்தாகவே நிற்கிறது. ஒட்டுநிலை மொழி பேசுவோர்க்கு இவ்வமைப்பு இயல்பாகவே விளங்கும். எம், என், பி, கியூ என்னும் எழுத்துகள் முறையே 1 முதல் 4 வரை பெயர்கின்றன. நடுவே வரவேண்டிய 'ஓ' விடப்பட்டதன் காரணம், பூச்சியத்தின் வடிவை எண்ணிப் பார்ப்போர்க்கு ஊகிக்கத்தக்கதே.

இலாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் எம்சிஎன்பி வேறு வழியைக் கையாள்கிறது. அதில் மாற்றியத்துக்குத் தனி இடம் இல்லை. நிறையெண்ணோடு 300-ஐயும், மாற்றிய எண்ணின் நூறு மடங்கையும் கூட்டிவிடுவர். வெள்ளி-110எம் 47510 ஆகிறது. 510 நிறையெண்ணுடைய அணுக்கரு உலகில் இல்லை என்பதால் படிப்பவர் பிரித்துணர்ந்து கொள்வார். இரு பொருண்மைகள் பிரிக்கவியலாது ஒன்றிய கூட்டுருபு இது.

இம்முறையில் ஒரு விலக்கு உண்டு. விதிப்படி அமெரிசியம்-242-இன் தரைநிலை 95242 ஆகவும், மாற்றியம் 95642 ஆகவும் இருத்தல் வேண்டும். உண்மையில் நேர்மாறாக உள்ளது: குறியற்ற 95242 மாற்றியத்தையும், குறி ஏற்ற 95642 தரைநிலையையும் சுட்டுகின்றன. தரைநிலை 16 மணிநேரமும் மாற்றியம் 141 ஆண்டும் அரைவாழ்வு உடையவை. உலை இயற்பியலில் பொருட்படுத்தப்படுவதும், கையில் எடுத்து அளக்கத்தக்கதும் மாற்றியமே; ஆகவே அடையின்றிச் சொல்லும் உரிமை அதற்கே போய்விட்டது. பின்னர் தரைநிலைக்கும் பெயர் வேண்டியபோது அடை அதன்மேல் ஏறியது. தமிழில் 'நெய்' என்பது முன்னர் நெய்ப்புப் பொருள் பலவற்றுக்கும் பொதுவாக நின்று, இன்று அடையின்றி வரும்போது பால்படு பொருளையே குறிக்கிறது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய் பொதுப்பெயராகிவிட, எள்ளுக்கே 'நல்லெண்ணெய்' என்று அடை கொடுக்க நேர்ந்தது. வழக்கு மிகுதி உள்ள இடத்தில் குறி உதிர்கிறது. உதிர்ந்த குறியை எதிரி சுமக்கிறது. சொற்பொருள் மாற்றத்தில் அறியப்பட்ட இவ்விதி, எண்களால் ஆன குறியீட்டிலும் தொழிற்படுவது வியப்புக்குரியது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது தரும் எச்சரிக்கை வேறு: 'அமெரிசியம்-242' என்று அடையின்றி ஒரு நூலில் காணின், எந்த மென்பொருளின் வழக்கில் அது எழுதப்பட்டது என்று அறியாமல் தரைநிலை எனக் கொள்ளலாகாது.

அமெரிசியம் மற்றொன்றையும் காட்டுகிறது. அதன் மாற்றியம் 48.6 கி.எ.வோ. உயரத்தில் உள்ளது, அதற்குக் கீழே 44.1 கி.எ.வோ. அளவில் ஒரு குறுவாழ்வு மட்டம் உண்டு. டெக்னீசியத்தைப் போலவே இங்கும் மாற்றிய எண் 1. மட்ட வரிசை 2. வெள்ளி-110-இலும் இந்நிலைதான். மாற்றியம் பெரும்பாலும் முதற்கிளர்வு மட்டமே என்ற எண்ணத்தோடு 'லெவல்' என்பதைப் பெயர்ப்பவர் இம்மூன்றிலும் தவறுவார்.

தமிழாக்கத்தில் பிரிக்க வேண்டியவை

இயற்பியல் பாடநூல்களில் ஸ்டேட், லெவல் இரண்டும் 'நிலை' என்றே பல இடங்களில் பெயர்க்கப்பட்டுள்ளன. அடிப்படைக் கல்விக்கு இது போதுமாக இருக்கலாம். மென்பொருள் கையேட்டுக்குப் போதாது. 'நிலை' என்பதை அணுக்கருவின் இருப்புக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டு, உயரத்துக்கு 'ஆற்றல் மட்டம்' எனலாம். அடுக்கி எண்ணும் எண் 'மட்ட வரிசையெண்'. மென்பொருள் கட்டளையில் வரும் முழு எண் 'மாற்றிய எண்'. இவ்வெண்ணை 'மாற்றிய மட்டம்' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியாயினும் கூடாது. மட்டம் என்றவுடன் படிப்பவர் கி.எ.வோ. எண்ணைத் தேடுவார். மூலச் சொல் ஒன்றாயிருக்க இலக்கு மொழியில் மூன்று சொற்கள் வருவதை மூலத்துக்கு உண்மையின்மை எனச் சிலர் கருதலாம். மூலம் எழுதியவர் கருதியது மூன்று பொருள்களை, சொல்தான் ஒன்று.

தரைநிலைக்கு 'அடிநிலை' என்ற வழக்கும் உள்ளது. தனியே நோக்கினால் அது நல்ல சொல். ஆனால் எக்ஸ் முதலிய எழுத்துகள் குறிக்கும் மிதக்கும் தொடக்கத்தையும் 'அடி' என்றே பெயர்க்க நேர்வதால், 'அடிநிலை', 'மிதக்கும் அடி' இரண்டும் ஒரே கையேட்டில் மோதும். இக்கட்டுரை 'தரைநிலை' என்ற வழக்கைக் கொண்டது அதனாலேயே. 'மிதக்கும் அடி' என்பதும் நேர்பெயர்ப்பே. அறியப்படாதது என்ற கருத்து அதில் வெளிப்படவில்லை. 'அறியா அடி' என்பது குறுகியும் பொருள் விளங்கியும் நிற்கும். எழுத்தை மட்டும் மூலத்தில் உள்ளவாறே விடவேண்டும். அது தரவுத் தொகுப்பைத் தேடும் திறவுகோல்.

'எம்' என்னும் குறியைச் 'சி' என மாற்றவேண்டும் என்ற கருத்துக்கு டாண்டலமே மறுப்பு. தமிழ் எழுத்தில் 'எம்' என்பது தன்மைப் பன்மை உடைமைப் பெயராகவும் படிக்கப்படக்கூடும் என்பது உண்மை. '99 எம் ஆய்வகத்தில்' என்று அச்சானால் படிப்பவர் தடுமாறுவார். இதற்குத் தீர்வு சொல்லை மாற்றுவதன்று, இடைவெளியை நீக்குவது. எண்ணையும் எழுத்தையும் ஒட்டி '99எம்' என எழுதி, வரியின் முடிவில் பிரிய விடாது அச்சுக் கோக்க வேண்டும். வேற்றுமை உருபு ஏற்கும்போது '99எம்-ஐ', '99எம்-இன்' எனச் சிறுகோட்டுக்குப் பின் உருபை இடலாம். அவ்வாறின்றி 'எம்மை', 'எம்மின்' எனப் புணர்த்தால் பொருளே மாறிவிடும்.

எண்களைப் பெயர்க்கும்போது தசம இடங்களைக் குறைத்தல் ஆகாது. பொது வாசகர்க்கு எழுதும் கட்டுரையில் 143 என்று முழுமையாக்குவது நடைச் செம்மை. கையேட்டில் அது வேறொரு பெயர். டெக்னீசியத்துக்குரிய பதிவில் 140.511, 142.683 ஆகிய இரண்டையும் அருகருகே கொடுத்து, முன்னது கருவி காணும் கதிரின் ஆற்றல், பின்னது பயனர் உள்ளிட வேண்டிய நிலையின் ஆற்றல், மாற்றிய எண் 1, மட்ட வரிசையெண் 2 என நான்கையும் பெயர் சொல்லி எழுதினால் அப்பதிவு மூலத்தைவிட இரண்டு வரி நீளும்.